எண்ணப்பட்ட தலைகள், எடுக்கப்பட்ட வாக்குகள்: சோல்பரி அரசியலமைப்பும் மலையகத் தோட்டங்களும்

பிரித்தானிய முடியை ஏற்றுக்கொண்டு தன் ஆட்சியைத் தானே நடத்தும் நாடு டொமினியன் எனப்பட்டது. 1948 பெப்ரவரி 4 அன்று இலங்கை அந்நிலையை அடைந்தபோது, அதற்கான அரசியலமைப்பு பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. டி. எஸ். சேனநாயக்க தலைமையிலான அமைச்சர்கள் சட்ட அறிஞர் ஐவர் ஜெனிங்ஸின் துணையுடன் 1944இல் ஆக்கிய வரைவைச் சோல்பரி பிரபுவின் ஆணைக்குழு ஆராய்ந்து 1945இல் அறிக்கை வெளியிட, அதன்வழி 1946 மே மாதத்தில் அரச கட்டளை பிறந்தது. ஆனால் நாட்டின் பிரஜை யார் என்னும் கேள்விக்கு அதில் விடை இல்லை. அதனை வருங்காலப் பாராளுமன்றம் தீர்த்துக்கொள்ளட்டும் என விட்டுவிட்டனர். நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களின் வரலாற்றில் இவ்விடுபாடே பெரிய வினையாயிற்று.

தொகுதிகளை வகுக்கும் விதியில் இவ்விடுபாடு இல்லை. மாகாணமொன்றில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என்பதே அவ்விதி. இவ்வாறு 95 தெரிவு ஆசனங்கள் அமைந்தன. மக்கள்தொகை என்பது குடியிருப்போர் அனைவரையும் குறித்ததால், இந்தியத் தமிழரும் ஆசனக் கணக்கில் சேர்ந்தனர்; 1946 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர். அவர்களுள் வதிவு நிபந்தனைகளுடன் 1931 முதல் வாக்களித்துவந்த தோட்டத் தொழிலாளர், 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானையும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவராயினும், தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவினால்தான் ஒருவரால் அச்சட்டப்படி வம்சாவளிப் பிரஜையாக முடிந்தது. தோட்டத்தில் ஒரு தொழிலாளியின் இருப்புக்குச் சான்று செக்ரோல், அதாவது அன்றாடம் பேர் போடப்படும் வேலைப் பதிவேடு. அவர் எத்தனை நாள் கொழுந்து பறித்தார் என்பதை அது சொல்லும், அவருடைய தகப்பன் எந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்தான் என்பதைச் சொல்லாது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பிரஜையாகும் வழியொன்றைத் திறந்தது. எனினும் மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வசித்ததை நிறுவ வேண்டியிருந்தமையால், இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய்த் திரும்பிய பயணம்கூட ஐயத்துக்கு இடமாயிற்று. அவ்வாண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் உரியதாக்கியது.

அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, வேறு சமூகத்தவர் மீது சுமத்தப்படாத தடையை ஒரு சமூகத்தவர் மீது சட்டத்தால் சுமத்தலாகாது என்றது. அதனை நம்பி இச்சட்டங்களை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கொடக்கன் பிள்ளை வழக்கு, பேரரசின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாகிய லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தன் பிரஜைகள் யாரென வரையறுப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பாக உள்ள அதிகாரம் என்றும், சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை என்றும் கொண்டு 1953இல் அம்மன்றம் முறையீட்டைத் தள்ளியது. சொல்லளவில் பொதுவான சட்டம் நடைமுறையில் யார்மீது விழுகிறது என்பதை மன்றம் எடைபோட்டிருக்க வேண்டும். அதனைச் செய்யாததால் காப்புப் பிரிவு காகிதத்தில் மட்டுமே நின்றது.

இதனினும் கொடிய விளைவு ஆசனக் கணக்கில் நேர்ந்தது. வாக்குப் பறிபோனவர்களின் தலைகள் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து நீக்கப்படவில்லை; அவர்களையும் எண்ணி வகுத்த மலைநாட்டுத் தொகுதிகளில் எஞ்சிய வாக்காளரின் வாக்கு தன் அளவை மீறிய எடை பெற்றது. தொண்டமான் 1960களில் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தாரேனும், நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து வாக்குகளால் தெரிவாகி அவர் அங்கு மீளச் சென்றது 1977இல்தான்.