37 நாளில் ஒரு உலகப் போர்

ஒரு நாடு ஏன் போருக்குப் போகுதுன்னு கேட்டா, மண்ணாசை, பகை, ஒரு தலைவரோட திமிர்னு உடனே சொல்லிடுவோம். அதெல்லாம் உண்மைதான். ஆனா 1914-ஐ உற்றுப் பார்த்தா இன்னொரு காரணமும் தெரியும். முந்திக்கலைன்னா அழிஞ்சிடுவோம்ங்கிற பயம்.

ஜூன் 28. சரயேவோ நகரத்துல ஆஸ்திரிய-ஹங்கேரிப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றான். அவனுக்கு வயசு 19. இதுதான் சாக்குன்னு செர்பியாவை ஒடுக்க ஆஸ்திரியா கிளம்பியது. என்ன ஆனாலும் துணை நிற்போம்னு ஜெர்மனி வாக்குக் கொடுத்தது.

ஜூலை 23-ல செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. பெரும்பாலான நிபந்தனைகளை செர்பியா ஏத்துக்கிட்டது. ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம்கூட 28-ம் தேதி அந்தப் பதிலைப் படிச்சுட்டு, இனி போருக்கே காரணம் இல்லைன்னு எழுதினார். அன்னைக்கே ஆஸ்திரியா போர் அறிவிச்சிடுச்சு.

இதுவரைக்கும் இது ரெண்டு நாட்டுச் சண்டை. உலகப் போரா மாறினது எப்படி? இங்கதான் ரயில் வருது.

அன்னைக்குப் படை திரட்டுறதுன்னா, லட்சக்கணக்கான ஆட்களை வீட்டிலிருந்து கூப்பிட்டு, கால அட்டவணைப்படி ரயிலேத்தி எல்லைக்கு அனுப்பணும். ரஷ்யா பரந்த நாடு; அங்கே அது மெதுவாத்தான் நடக்கும். ஜெர்மனியோட திட்டமே அந்தத் தாமதத்தை நம்பித்தான் இருந்தது: பெல்ஜியம் வழியா நுழைஞ்சு ஆறு வாரத்துல பிரான்ஸை முடிச்சிட்டு, பிறகு ரஷ்யா பக்கம் திரும்பணும். அதனால ரஷ்யா ஒரு நாள் முந்தினா, ஜெர்மனிக்கு ஒரு நாள் நஷ்டம்.

ஜார் நிக்கோலஸ் 29-ம் தேதி இரவு முழுப் படைதிரட்டலை நிறுத்தினார். மறுநாளே, தாமதிச்சா மாட்டிக்குவோம்னு சுத்தி இருந்தவங்க நெருக்க, மறுபடி உத்தரவு போட்டார். ஆகஸ்ட் 1-ல வில்ஹெல்ம், படையை மொத்தமா கிழக்கே திருப்ப முடியுமான்னு தளபதி மோல்ட்கேயைக் கேட்டார். வருஷக்கணக்கா போட்ட திட்டம், மாத்த முடியாது என்பதுதான் பதில். அன்னைக்கு ரஷ்யா மீது போர். 3-ல பிரான்ஸ். 4-ல பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைய, 1839 ஒப்பந்தத்தைக் காட்டி பிரிட்டனும் இறங்கியது.

பிரிட்டன் இறங்கினா இந்தியாவும் இறங்கியாச்சு. நம்மை யாரும் கேட்கலை. செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரிச்சது. 'எம்டன்'ங்கிற சொல் நம்ம பேச்சுல வந்தது அப்படித்தான்.

அப்போ யார் மேலயும் தப்பில்லையா? அப்படியில்லை. வியன்னாவும் பெர்லினும் தெரிஞ்சேதான் இந்தச் சூதாட்டத்துல இறங்கினாங்க. ஆனா பின்வாங்க நினைச்ச நேரத்துல, பின்வாங்க வழி வைக்காத திட்டம்தான் கையில இருந்தது.

1962 கியூபா நெருக்கடியில கென்னடி இதை மறக்கலை. 1914 பத்தி பார்பரா டக்மன் எழுதின புத்தகத்தை அவர் படிச்சிருந்தார். உடனே தாக்குங்கன்னு சொன்னவங்க இருந்தும், கடல் வழியை மறிச்சு நிறுத்தி, குருஷேவுக்கு யோசிக்க நேரம் கொடுத்தார். 13 நாள்ல நெருக்கடி தணிஞ்சது.

அடுத்த தடவை எல்லையில பதற்றம்னு செய்தி வந்தா, யார்கிட்ட எத்தனை ஏவுகணைன்னு மட்டும் பார்க்காதீங்க. முடிவெடுக்கிறவங்களுக்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருக்குன்னும் பாருங்க.