மைலேஜ் எவ்ளோ கொடுக்கும்?

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்ல ஒரு அண்ணன் இருக்கார். தூத்துக்குடிக்காரர். சிங்கப்பூர் வந்து பதினஞ்சு வருஷமா பொட்டி தட்டறார். ஊர்ல வீடு கட்டறதுக்குன்னு சேத்து வச்ச காசை எடுத்து ஒரு பழைய மோட்டார் யாட் வாங்கப் போறேன்னு போன வருஷம் ஒரு குண்டைப் போட்டார். 36 அடி நீளம், 1980ல் தைவானில் செய்த படகு. "தம்பி, நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, இது மைலேஜ் எவ்ளோ கொடுக்கும்னு கண்டுபிடிச்சு சொல்லு" என்றார். அவ்ளோதான், எனக்கு ரெண்டு வாரம் ஆணி புடுங்கற வேலை ஓடலை.

தேட ஆரம்பிச்ச இடம் படகு விளம்பரம். போய் நின்ன இடம் 1867, இங்கிலாந்து :-)

வில்லியம் ஃப்ரூட்னு ஒரு ரயில்வே இஞ்சினியர். புகழ்பெற்ற ப்ரூனலிடம் வேலை பார்த்தவர். ரெண்டு மாதிரிப் படகு செஞ்சு, ஒண்ணுக்கு அன்னம், இன்னொண்ணுக்கு அண்டங்காக்கைன்னு பேர் வச்சு, டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்தார். ஒரு வேகத்தில் இது ஜெயிச்சது, இன்னொரு வேகத்தில் அது ஜெயிச்சது. எது சிறந்த வடிவம்ங்கிற கேள்வியே தப்பு, எந்த வேகத்துக்குன்னு கேக்கணும்னு புரிஞ்சது. 1871ல் கிரேஹவுண்ட்ங்கிற நிஜக் கடற்படைக் கப்பலையே இழுத்து அளந்தார்கள். 1872ல் டார்க்கியில் தன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு நீளமான தண்ணீர்த் தொட்டி கட்டி, கடற்படைக்காகச் சோதனை செய்தார்.

விஷயம் இதுதான். படகு போகும்போது தானே ஒரு அலையை உண்டாக்குது. வேகம் கூடக்கூட அந்த அலை நீளமாகுது. அலையோட நீளமும் படகோட நீளமும் சமமாகும்போது முன்னாடி ஒரு முகடு, பின்னாடி ஒரு முகடு, நடுவுல பள்ளத்துல படகு உக்காந்திருக்கும். அதுக்கு மேல வேகம் வேணும்னா தான் உண்டாக்கின மேட்டுல தானே ஏறணும். மேட்டுல ஏற டீசல் வேணும். கணக்கும் சுலபம்: தண்ணீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினா நாட் கணக்கில் அந்த எல்லை வரும். 35 அடிக்கு 8 நாட்டுக்குக் கொஞ்சம் கம்மி. மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. நம்ம டவுன் பஸ் வேகம்.

அங்கிருந்து நேரா ஹாங்காங்குக்குத் தாவறேன், ஏன்னா அண்ணன் பாத்த படகு எந்த வம்சமோ அந்த வம்சம் அங்கதான் தொடங்குது. ராபர்ட் நியூட்டனும் அவர் மகன்களும் நடத்தின அமெரிக்கன் மரைன் என்ற பட்டறை, கேட்டவர்களுக்குக் கேட்ட மாதிரி மரப்படகு கட்டிக் கொடுத்துக்கிட்டிருந்தது. 1962ல் கென்னத் ஸ்மித் என்ற வடிவமைப்பாளரிடம் 36 அடி டீசல் படகு ஒண்ணு வரையச் சொன்னாங்க. 1963ல் 'ஸ்ப்ரே' என்ற பேரோட அது தண்ணியில இறங்கிச்சு. பிடிச்சுப் போய், 1965லேர்ந்து அதே அச்சில் வரிசையா கட்ட ஆரம்பிச்சாங்க. பேர் கிராண்ட் பேங்க்ஸ் 36. நியூஃபவுண்ட்லாந்து பக்கம் இருக்கிற மீன்பிடிக் கடலோட பேர் அது. பார்க்கவும் மீன்பிடி டிராலர் மாதிரியே இருக்கும். வலை மட்டும் கிடையாது.

உள்ள வச்ச எஞ்சின்தான் சுவாரசியம். இங்கிலாந்தில் ஃபோர்டு செய்த ஆறு சிலிண்டர் டீசல், 6.2 லிட்டர். லாரியில் ஓடின அதே குடும்பம். அதை வாங்கி, கடல்ல ஓடற மாதிரி மாத்தி வித்தது அமெரிக்காவில் லீமன் என்ற கம்பெனி. 120 குதிரைசக்தி, 2500 சுற்றில். ஆனா 7 நாட் போக 1700 சுற்று வாக்கில் ஓட்டினா போதும், மணிக்கு 7, 8 லிட்டர் குடிக்கும். டீசல் எஞ்சின் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு சுமார் 0.19 லிட்டர் எரிக்கும்னு வச்சா, வேலை செய்யறது வெறும் 40 குதிரைதான். மிச்சம் 80 குதிரை லாயத்துல தூங்குது. அதனாலதான் அறுபது எழுபதுகளில் செஞ்ச அந்த எஞ்சின்கள் பல இன்னும் ஓடுது. ஆசைப்பட்டு 8 நாட் தொட்டா டீசல் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஃப்ரூட் சொன்ன அதே மேடு.

தண்ணிமேல எழும்பிப் பறக்கிற சொகுசுப் படகையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு 400 குதிரை எஞ்சின், 80 சதவீத பாரம்: மணிக்கு 120 லிட்டர். 24 நாட்ல போனாலும் ஒரு கடல் மைலுக்கு 5 லிட்டர். நம்ம மெதுவண்டி ஒரு மைலுக்கு ஒரு லிட்டரும் கொஞ்சமும்தான்.

அமெரிக்காவில் பெட்ரோல் வி8 படகுகள் கொண்டாட்டமா ஓடின காலத்தில் இந்த மெதுவண்டி கொஞ்சம் கேலிப்பொருள்தான். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதும், பேரல் 3 டாலர் சொச்சத்தில் இருந்தது அடுத்த வருஷ ஆரம்பத்தில் 12 டாலர் பக்கம் போனதும், கதை மாறிச்சு. அதே 1973லதான் கிராண்ட் பேங்க்ஸ் மரத்தை விட்டுட்டு ஃபைபர் கிளாசுக்கு மாறிச்சு. அறுபதுகளின் கடைசியிலேயே சிங்கப்பூரில் பட்டறை போட்டிருந்தாங்க, பிற்பாடு ஜோகூரில் பாசிர் குடாங்குக்குப் போனாங்க. இதைப் பாத்து தைவானில் ஏகப்பட்ட பட்டறைகள் அதே தினுசில் கட்டித் தள்ளின.

இதையெல்லாம் அண்ணன்கிட்ட ஒப்பிச்சேன். வருஷத்துக்கு 100 மணி நேரம் ஓட்டினா 750 லிட்டர்தான். முகம் மலர்ந்துட்டார். அன்னிக்கு சாயங்காலமே ஊருக்குப் போன் போட்டு அப்பாகிட்ட சொன்னார். அப்பா தூத்துக்குடியில் லாஞ்சு எஞ்சின் மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பீக்கர்ல கேட்ட பதில் இது: "ஏலே, எண்ணெ குடிக்கதை வுடு. தண்ணி எங்கன எறங்குதுன்னு பாத்தியால?"

அப்பதான் உறைச்சுது. நான் தேடினது முழுக்க எஞ்சின். படகைத் தேடவே இல்லை.

அந்தக் காலத்துப் படகுகள் ஃபைபர் கிளாசுக்கு மாறினாலும் வாங்கறவங்களுக்கு மரப்படகோட அழகு வேணும். அதனால மேல்தளத்துல தேக்குப் பலகை ஒட்டி, ஆயிரக்கணக்கில் திருகாணி அடிச்சாங்க. ஒவ்வொரு திருகாணியும் ஒரு ஓட்டை. தேய்க்கத் தேய்க்க தேக்கு மெலிஞ்சு, ஆணித்தலையை மூடின மரத்தக்கை உதிர்ந்து, தண்ணி கீழே இறங்கும். ரெண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவில இருக்கிற மரம் ஊறி மக்கும். இன்னும் கீழே எஞ்சின் அறையில் இரும்பு டீசல் டேங்க். மேல சொட்டற தண்ணி அது தலையில தேங்கித் துரு பிடிக்கும். டேங்கை வச்சுட்டுத்தான் மேல்தளத்தை மூடியிருப்பாங்க. வெளிய எடுக்கணும்னா ஒண்ணு எஞ்சினைத் தூக்கணும், இல்ல டேங்கைத் துண்டு துண்டா அறுக்கணும்.

எஞ்சினுக்கும் குறை உண்டு. லீமன் 120ல டீசல் பம்புக்குத் தனியா எண்ணெய், 50 மணிக்கு ஒரு தரம் மாத்தணும். ஆயில் கூலரில் பொத்தல் விழுந்தா கடல் தண்ணி கியர் எண்ணெயோட கலந்து பால் காப்பி நிறத்துல வரும். ஆனா இதெல்லாம் தெரிஞ்சு கவனிச்சா சமாளிக்கிற சமாச்சாரம்.

சர்வேயர் வந்த அன்னிக்கு நானும் போனேன். ஒரு சின்ன சுத்தியலால மேல்தளத்தைத் தட்டிக்கிட்டே நடந்தார், பானை வாங்கறப்ப தட்டிப் பாக்கற மாதிரி. டங், டங், டங். டீசல் ஊத்தற மூடி பக்கம் வந்ததும் பொத். அடுத்த ஒண்ணரை மீட்டர் முழுக்க பொத் பொத். கீழே போய் டார்ச் அடிச்சா இடது பக்க டேங்க் தலையில துரு அப்பளம் அப்பளமா உரியுது. அவர் சொன்ன ரிப்பேர் செலவை வச்சு நான் மனசுல கணக்குப் போட்டேன். அண்ணன் இருபது வருஷத்துக்கு ஊத்தற டீசலுக்கு அந்தக் காசு போதும்.

சர்வே சரியில்லைன்னா திரும்பத் தரணும்னு எழுதி வாங்கினதால முன்பணம் மட்டும் தப்பிச்சது. வீடு திரும்பற வழியெல்லாம் அண்ணன் ஒரு வார்த்தை பேசலை. பாவமா இருந்தது.

போன வாரம் மறுபடி ஆரம்பிச்சுட்டார். இந்தத் தடவை தேக்குத் தளத்தைப் பெயர்த்துட்டு வெறும் ஃபைபரா விட்ட படகு, டேங்க் ஏற்கெனவே மாத்தினதாம். அப்பா தினமும் போன் பண்ணி, ரசீதைப் பாத்தியா ரசீதைப் பாத்தியான்னு கேக்கறார். ஞாயித்துக்கிழமை பாக்கப் போறோம். முஸ்தபாவில் நான் ஒரு சுத்தியல் வாங்கிட்டேன்.