சிவப்பு எண்ணெயும் பச்சை எண்ணெயும்

பிரெஞ்சு தேசத்துக் கிராமங்களில், வைக்கோற் கொட்டகையிலோ பழைய தானியக் களஞ்சியத்திலோ பல்லாண்டுகளாக அசையாமற் கிடக்கும் சித்ரோன் டி.எஸ். வண்டியொன்றை வெளியே கொணர்ந்து மறுபடியும் சாலையில் ஓட்ட விரும்புகிறவர், முதற்காரியமாக என்ஜினைத் திறந்து பார்ப்பது இயல்பு. ஆயினும் அவ்வண்டி பிழைப்பதும் அழிவதும் அதன் குழாய்களில் ஓடும் எண்ணெயைப் பொறுத்தவையாதலால், அந்த எண்ணெய் சிவப்பா பச்சையா என்று திட்டமாகத் தெரிந்துகொள்ளும்வரை ஒரு திருகாணியைக்கூடத் தொடலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்குரிய காரணம் அவ்வண்டியின் சரித்திரத்திலேயே அடங்கியிருக்கிறது.

1955-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் டி.எஸ். முதன்முதலாக வைக்கப்பட்டபோது, ஒரே நாளில் ஏறக்குறைய 12,000 பேர் அதை வாங்கப் பதிவு செய்துகொண்டார்கள். பிளாமினியோ பெர்தோனி என்னும் சிற்பி வகுத்த அதன் உருவம் ஜனங்களின் கண்ணைக் கவர்ந்தது வாஸ்தவமே. எனினும் உண்மையான அதிசயம் தகட்டுக்கு அடியில், ஒருவர் கண்ணுக்கும் படாமல் இருந்தது. பொறியியற் பட்டம் ஏதுமின்றிப் பதினேழாம் வயதில் 1925-இல் சித்ரோன் கம்பெனியில் சேர்ந்த போல் மாஜேஸ் என்பவர், 1942 முதல் இரவும் பகலும் சிந்தித்து உருவாக்கிய ஏற்பாடு அது. எஃகு வில்லுக்குப் பதிலாக, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உருண்டை. உருண்டையினுள்ளே ரப்பர்ச் சவ்வு ஒன்று. சவ்வின் ஒரு புறம் நைட்ரஜன் வாயு, மறு புறம் எண்ணெய். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது எண்ணெய் வாயுவை நெருக்க, வாயு நெகிழ்ந்து கொடுக்க, உள்ளே அமர்ந்திருப்பவர் சாலையின் கொடுமையை அறியாமலே பிரயாணம் செய்யலாம். 1954-இல் வெளிவந்த முந்தைய ஆறு சிலிண்டர் வண்டியொன்றின் பின் சக்கரங்களில் இதைப் பரீட்சித்துப் பார்த்த கம்பெனியார், டி.எஸ்.ஸில் பிரேக், ஸ்டியரிங், கிளட்ச், கியர் ஆகிய யாவற்றையும் அதே எண்ணெயின் வசம் ஒப்படைத்துவிட்டார்கள். 1962 ஆகஸ்ட் 22-ஆம் தேதி பெதி-க்ளமார் என்னுமிடத்தில் ஜனாதிபதி தெகோலைக் கொல்ல முயன்றவர்கள் சுட்ட குண்டுகளால் டயர்கள் கிழிந்த பின்பும் அவருடைய டி.எஸ். நிலை தடுமாறாமல் ஓடித் தப்பியது. வேறோர் அமைப்புள்ள வண்டி அவ்விதம் தப்பியிருக்குமா என்பது சந்தேகமே.

இத்தனை பொறுப்பையும் சுமந்த எண்ணெய் ஆரம்பத்தில் ஆமணக்கெண்ணெயை ஆதாரமாகக் கொண்டது. பின்னர் அதனிடத்தில் செயற்கைத் திரவம் ஒன்று வந்தது. சிவப்பு என்று தொழிலாளர் வழங்குவது இதைத்தான். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் சுபாவம். தினமும் ஓடும் வண்டியில் அந்த எண்ணெயை உரிய காலத்தில் மாற்றிக்கொண்டிருந்தால் பெரிய கேடு விளையாது; நிறுத்திவைத்த வண்டியிலோ அந்த ஈரம் எஃகுக் குழாய்களையும், மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் நழுவவேண்டிய வால்வுகளையும் உள்ளிருந்தே துருவாக்கித் தின்றுவிடும். மாஜேஸின் யோசனை நொய்யது என்று அக்காலத்தில் பலர் தூற்றினார்கள். பழி யோசனையைச் சேர்ந்ததன்று, திரவத்தைச் சேர்ந்தது என்பதற்கு 1966-இல் கனிஜ எண்ணெயாகிய பச்சைத் திரவம் புகுந்த பின் குறைகள் வெகுவாகத் தணிந்ததே சாட்சி. அமெரிக்காவுக்குச் சென்ற வண்டிகள் மட்டும், அந்நாட்டு விதிகளின் காரணமாக, 1969 வரையில் சிவப்பையே சுமந்தன.

இரண்டுக்கும் ரப்பர் வேறு. ஒன்றுக்குரிய வளையத்தில் மற்றது பட்டால் அது ஊதிப் பயனற்றுப் போகும். ஒரு கோப்பை தவறான எண்ணெய் முழு வண்டியின் உயிரையும் வாங்கிவிடும். பச்சை முறையைச் சேர்ந்த உருண்டைகளுக்குப் பச்சை வர்ணமும் பழைய முறையைச் சேர்ந்தவற்றுக்குக் கறுப்பும் பூசியிருப்பார்கள். ஆனால் இடைக்காலத்தில் எந்தக் கை எந்த உறுப்பை மாற்றியதோ, வர்ணத்தை மட்டும் நம்பலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த ஒரு துளியைக் கண்ணாடிக் கிண்ணத்து நீரில் விட்டுப் பார்க்கவேண்டும். கனிஜ எண்ணெயானால் தனியே மிதக்கும். செயற்கைச் சிவப்பானால் நீரோடு கலந்து மறைந்துவிடும். நாட்பட்ட சிவப்பு, பழுப்பேறித் தேயிலைக் கஷாயத்தின் நிறத்துக்கு வந்திருக்குமாதலால், இந்தச் சோதனையைத் தவிர்ப்பது விவேகமாகாது.

அதன்பின் தொட்டியைக் கழற்றி அடி வண்டலைச் சுரண்டியெடுத்து, வடிகட்டியைக் கழுவி, வாயு கசிந்துபோன உருண்டைகளை நிரப்பியோ மாற்றியோ பொருத்தவேண்டும். என்ஜினுக்கு வேண்டிய சிகிச்சை மற்ற எந்தப் பழைய வண்டிக்கும் உரியதே: பிளக் துவாரங்களில் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பது, பிசினாய்ப் போன பெட்ரோலை வடிப்பது, கார்புரேட்டரைக் கழுவுவது. வெளித்தகடுகள் திருகாணியில் நிற்பவையாகையால் அவற்றைக் கழற்றுவது எளிது. உள்ளே பாரத்தைத் தாங்கும் பெட்டிச் சட்டத்தின் அடிப்பகுதி துருப்பிடித்திருந்தால் மட்டும் கைதேர்ந்த வெல்டரை நாடவேண்டும்.

என்ஜின் ஓடத் தொடங்கியதும் பம்ப் எண்ணெயை 150 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் செலுத்தும். தரையோடு தரையாய்ப் படுத்திருந்த வண்டி மெல்ல எழும்பி நிற்கும். அந்தக் காட்சியில் மயங்கி அதன் கீழே குனிபவர் உயிரைப் பணயம் வைக்கிறார். எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் அது எழுந்ததைவிட வேகமாக இறங்கிவிடுமாதலால், உறுதியான முட்டுக்கட்டைகள் இல்லாமல் அடியில் கை நுழைப்பது கூடாது. இனி, என்ஜினை மெல்ல ஓடவிட்டு, அழுத்தத்தைச் சீராக்கும் கருவி எழுப்பும் 'டக்' என்ற ஓசையைக் கவனிக்கவேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கொரு முறை அது கேட்டால், அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் உருண்டையில் வாயு இல்லை என்பது பொருள். என்ஜின் திடீரென்று நின்றால் பிரேக்குக்கு உதவவேண்டிய சேமிப்பே அதுவாகையால், அந்த உருண்டையை மாற்றி, ஓசைகளுக்கிடையே நீண்ட அவகாசம் ஏற்பட்ட பிறகே வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகலாம்.