கல்லூரியும் கடைத்தெருவும்

அமரவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ் கரமனை ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சற்றைக்கெல்லாம் சாலைக் கடைத்தெரு. அங்கிருந்து யூனிவர்சிட்டி கல்லூரியும் அதிக தூரமில்லை. கதை எழுதப் படிப்பு வேண்டுமா என்று கேட்கும் தமிழக-கேரள எல்லையோரப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு இடங்களையும் சேர்த்தே காட்டுவேன். அந்தக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் ஹெப்சிபா ஜேசுதாசன் (1925–2012). அந்தக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் ஆ. மாதவன் (1934–2021), பள்ளிப்படிப்போடு நின்றவர், அதுவும் மலையாளத்தில்.

ஹெப்சிபாவின் முதல் நாவலான 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. மாதவனின் முதல் நாவல் 'புனலும் மணலும்' வந்தது 1974இல். முன்னவருக்கு அப்போது வயது 39, பின்னவருக்கு 40. பட்டம் யாரையும் சீக்கிரமாக நாவலாசிரியராக்கிவிடவில்லை.

ஆனால் பட்டம் ஒன்றுமே தரவில்லை என்று சொல்லமாட்டேன். 'புத்தம் வீடு' சிறிய நாவல். நொடித்துப்போன ஒரு வீடு, வயதுக்கு வந்ததும் அதற்குள் இருத்தப்படும் லிஸி, வெளியே பனையேறிகளின் உலகம். லிஸி எதைப் பார்க்க முடியுமோ, எது அவள் காதில் விழுமோ, பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே கதை நடக்கிறது. விளவங்கோட்டுப் பேச்சு எந்த விளக்கமும் இல்லாமல் வருகிறது. ஒரு பெண்ணின் அடுக்களையும் முற்றமுமே நாவலுக்குப் போதும் என்ற துணிவு, ஆங்கில நாவல்களை வருஷக்கணக்கில் வரிவரியாகப் பாடம் நடத்தியதில் வந்தது என்றே நினைக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பேச்சு மட்டும் வகுப்பறையில் கிடைத்ததல்ல. அது ஊர் கொடுத்தது.

மாதவனுக்குத் தமிழே சொந்த முயற்சியில் கற்ற எழுத்து. அவருடைய வாக்கியங்கள் சில இடங்களில் முட்டும். மலையாள வாடை வீசும். கண்டிப்பான ஓர் ஆசிரியர் வாய்த்திருந்தால் சிலவற்றைத் திருத்தியிருப்பார். ஆனால் 'புனலும் மணலும்' நாவலின் அங்குசாமியை எந்த ஆசிரியராலும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது. கரமனை ஆற்றில் மணல் அள்ளிப் பிழைப்பவன். மற்ற எல்லோருக்கும் நல்லவன். மனைவியின் மகள் பங்கியை மட்டும் அவனால் சகிக்க முடியவில்லை. அவளுடைய அழகின்மையே அவனுக்கு ஆகவில்லை. மாதவன் அவனுக்காக வாதாடவும் இல்லை, அவனைத் தண்டிக்கவும் இல்லை. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் முகத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. 2010இல் விஷ்ணுபுரம் விருதும் 2015இல் சாகித்ய அகாதெமி விருதும் அவரைத் தேடி வந்தன.

மாதவனைப் படிக்காதவர் என்று சொல்வதும் சரியல்ல. பள்ளியில் கிடைத்த மலையாளமே அவருக்கு ஒரு நூலகமாயிற்று. மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் 'யட்சி'யையும் பி.கே. பாலகிருஷ்ணனின் 'இனி நான் உறங்கட்டும்' நாவலையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒரு நாவலைச் சொல் சொல்லாக மொழிபெயர்ப்பதைவிட நெருக்கமான வாசிப்பு எந்த வகுப்பில் நடக்கிறது?

எழுதவே சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளும் உண்டு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936 முதல் எழுத்துப் பட்டறை நடத்துகிறது. எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் அங்கே பயின்றவர். நம்மூர் எம்.ஏ. தமிழ் வகுப்பின் நோக்கமே வேறு: இலக்கணம், சங்க இலக்கியம், இலக்கிய வரலாறு. மாணவர் எழுதிய கதையை மேசையில் வைத்து அலசுவது அங்கே அபூர்வம்.

1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த அமரவிளையில் வீட்டில் தமிழ் பேசி மலையாளத்தில் படிக்கும் பிள்ளைக்கு மாதவனின் நிலைமைதான் இன்றும். கல்லூரியில் இடம் கிடைத்தால் இலக்கியம் படிக்கட்டும். ஹெப்சிபாவுக்கு இருந்த வடிவ உணர்வு தானாக வர வெகுகாலமாகும். கிடைக்காவிட்டால், இரண்டு மொழியிலும் வாசிக்கட்டும், ஒரு நல்ல மலையாளக் கதையைத் தமிழில் எழுதிப் பார்க்கட்டும், எழுதியதைத் தயவு காட்டாத ஒருவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கட்டும். இவற்றில் கடைசியானதுதான் கடினம். கல்லூரிக்கு உள்ளேயும்கூட அது சுலபமாகக் கிடைப்பதில்லை.