நீலமலையும் புலால் மறுத்தலும்

திருக்குட நன்னீராட்டு விழாவில் அடியார்க்கு அமுது படைத்தல் தொன்றுதொட்டு வரும் மரபு. அவ்வமுதில் ஊன் கலவாது என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அப்பந்தியில் அமர்வோர் எல்லாரும் தம் இல்லத்தில் ஊனை விலக்கியவர் அல்லர். பிறந்தது முதல் தொடாதோர் உளர்; விரத நாளில் மட்டும் விலக்குவோர் உளர்; மற்றை நாள்களில் உண்போரும் உளர். இவருள் இறைவனுக்கு அணுக்கர் யாவர் என்னும் வழக்கு நம்மிடையே நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. பல்வேறு உணவு நெறியினர் ஒருங்கே வாழ்ந்த நீலமலையின் வரலாறு இவ்வழக்கிற்கு ஒரு நல்ல விடை தருகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

குளிர் மிகுந்த நாட்டில் ஊனின்றி உயிர் தரியாது என்பார் சிலர். அக்கூற்றைப் பொய்யாக்கியவர் நீலமலைத் தோடர். உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனி உறையும் அவ்வுயர்ந்த புல்வெளிகளில் தோடர் எருமை மேய்த்துப் பாலும் மோரும் நெய்யும், படகரிடமிருந்து பெற்ற தானியமும் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்தம் ஊர் மந்து எனப்படும். பால் கறந்து கடையும் மனையே அவர்க்குக் கோயில், கடைபவரே பூசகர். திருவுருவம் வைத்து வழிபடும் வழக்கம் ஆண்டு இல்லை. தெய்வ எருமைகளின் மணிகளும் பாற்கலங்களுமே தூயனவாகப் போற்றப்படுகின்றன. உதகைக்கு அருகிலுள்ள முத்தநாடு மந்தின் கூம்பு வடிவக் கோயிலை அன்பர் பலர் கண்டிருத்தல் கூடும். 1901-02-ஆம் ஆண்டுகளில் இம்மலையில் தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், 1906-இல் வெளியிட்ட தம் நூலில் இப்பால்மனை வழிபாட்டை விரிவாக எழுதியுள்ளார்.

எனினும், தோடர் வாழ்விலும் உயிர்ப்பலி இல்லாமல் இல்லை. சடங்கின்பொருட்டு எருமைக் கடாக்கன்று ஒன்றைப் பலியிட்டு உண்ணும் வழக்கம் அவரிடையே இருந்தது. ஈமச் சடங்கில், இறந்தவர் மறுமையிலும் பால் பெறவேண்டும் என்னும் நம்பிக்கையால் எருமையைப் பலியிட்டனர். அவ்விறைச்சியைத் தோடர் உண்பதில்லை; அது கோத்தருக்கு உரியதாயிற்று. ஊன் உண்ணாதவர் செய்த சடங்கு, ஊன் உண்பவர் உடனிருந்தே நிறைவுற்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

கோத்தர் என்போர் யாவர்? ஏழு ஊர்களில் வாழும் கைவினை மக்கள் அவர். கோத்தகிரி என்னும் ஊர்ப்பெயரும் அவர் பெயரால் அமைந்ததே. இரும்பு உருக்கி அரிவாளும் கோடரியும் அடித்தவர் அவர். மரவேலை செய்தவர் அவர். அவர்தம் மகளிர் மண்கலம் வனைந்தனர். குழலும் முழவும் இயக்கித் தோடர், படகர் இல்லத்து ஈமச் சடங்குகளை நடத்திக் கொடுத்தவரும் அவரே. படகர் தானியம் தந்தனர். தோடர் நெய் தந்தனர். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் தந்தனர். நாணயம் மிகுதியாகப் புழங்காத காலத்தே இந்நால்வரும் ஒருவரையொருவர் தாங்கி நின்றனர். இத்தகைய கோத்தர் வழிபடும் தெய்வம் அம்மையும் அப்பனும் ஆவர். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அவர் எடுக்கும் கம்பட்டராயர் விழா மலைநாட்டில் பெயர் பெற்றது.

இவ்வாறு அனைவர்க்கும் பயன்பட்ட மக்களை, இறந்த எருமையின் ஊனை உண்பவர் என்னும் ஒரு காரணத்தால் அயலார் தாழ்வாக நோக்கினர். அவர் வடித்த அரிவாளால் கதிர் அறுத்தனர். அவர் வனைந்த பானையில் சோறு பொங்கினர். அவர் குழலோசையோடு தம் முன்னோரை வழியனுப்பினர். ஆயினும் அவரை ஒப்ப மதித்தாரல்லர். படகருள்ளும் உடையார் முதலிய பிரிவினர் லிங்காயத மரபினராய்ப் புலால் நீக்கியவர். ஏனையோருள் உண்போர் பலர். 1930-களில் படகருள் சீர்திருத்தம் நாடிய ஒரு சாரார் கோத்தரின் இசையைச் சடங்கிலிருந்து விலக்கத் தலைப்பட்டனர். பழமை போற்றிய மற்றொரு சாரார் அதனை எதிர்த்தனர். உணவில் தொடங்கிய வேற்றுமை உறவை அறுக்கும் அளவிற்கு வளர்ந்தது.

அக்காலத்தே கோத்தருள்ளிருந்தே ஒரு குரல் எழுந்தது. சுல்லி என்பார் ஆங்கிலக் கல்வி பெற்று ஆசிரியராக விளங்கியவர். 1937 முதல் கோத்தரிடையே ஆராய்ச்சி செய்த மாண்டல்பாம் என்னும் அமெரிக்க அறிஞர், தம் இனத்தின் சீர்திருத்தக்காரர் என அவரைப் போற்றி எழுதியுள்ளார். செத்த விலங்கின் ஊனை விடுக என்றும், பிறர் இல்லத்தில் இசை முழக்கும் கடமையைக் கைவிடுக என்றும் சுல்லி தம் மக்களை வற்புறுத்தினார். பழைய குடுமியை நீக்கித் தலைமயிரைக் கத்தரித்துக் கொண்டார். தம் ஊராரின் கடும் எதிர்ப்பையும் தாங்கினார். ஊனை விடுமாறு அவர் கூறியது ஊனின்மேல் கொண்ட வெறுப்பால் மட்டும் அன்று. தம் மக்கள் தலைநிமிர்ந்து நடத்தல் வேண்டும் என்னும் வேட்கையால் ஆகும். பிறர் இகழ்ச்சிக்கு அஞ்சி ஒருவன் உணவை மாற்றும் நிலை உண்டாயின், அவ்விகழ்ச்சி எத்துணைக் கொடியது!

உண்பதற்காகவும் சடங்கிற்காகவும் கொன்றதை இதுவரை கண்டோம். பொழுதுபோக்கிற்காகக் கொல்லும் வழக்கம் வேறு மக்களோடு இம்மலை ஏறிற்று. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு வந்தபின் வெள்ளையர் குடியிருப்புகள் பெருகின, வேட்டை விளையாட்டாயிற்று. வரையாடும் கடமானும் அருகின. அதுகண்டு 1877-இல் வேட்டைக்காரரே ஒரு சங்கம் அமைத்தனர். 1879-இல் நீலகிரிக்கென வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. மந்தையோடு வாழ்ந்த தோடரும், விலங்கின் தோலையும் கொம்பையும் வீணாக்காத கோத்தரும் இத்தகைய அழிவை விளைத்தாரல்லர்.

பின்னர்த் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கச் சமவெளியிலிருந்து மக்கள் வந்தனர். தம் மாரியம்மனையும் காவல் தெய்வங்களையும் உடன் கொணர்ந்தனர். 1964-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி இலங்கையிலிருந்து திரும்பியோரும் தம் தெய்வங்களோடு இங்குக் குடியேறினர். நேர்ந்துகொண்ட ஆட்டையும் கோழியையும் பலியிடுதல் இத்தெய்வ வழிபாட்டில் பழகிவந்த முறை. ஆகலின் பலியைப் பற்றிய சட்டம் இவர்களையும் தொட்டது. சென்னை மாகாண அரசு 1950-இல் கோயிற் பலியைத் தடுக்கச் சட்டம் செய்தது. அது நெடுநாள் ஏட்டளவிலேயே நின்றது. மாநிலங்களவையில் உயிர்களுக்காக வாதாடிய ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் நிறைவேறிற்று. அதுவும் சமயமுறைப்படி விலங்கைக் கொல்லுதலைக் குற்றம் ஆக்கவில்லை. 2003-இல் மாநில அரசு பழைய தடைச்சட்டத்தை இறுக்கமாக நடத்த முற்பட்டபோது, சிற்றூர்க் கோயில் அடியார்கள் வருந்தி எதிர்த்தனர். 2004-இல் அச்சட்டமே நீக்கப்பெற்றது. அரசாணையால் ஆகாத மாற்றம், அடியாரின் மனம் கனிந்த இடங்களில் அமைதியாக நிகழ்ந்தது. பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் பலிக்கு ஈடாக வைக்கப்படும் சன்னிதிகள் இன்று பல உள.

இவ்வரலாற்றோடு நம் மறைநூல்களை ஒப்பிட்டு நோக்குவோம். திருவள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் இரண்டு தனி அதிகாரங்களில் வலியுறுத்தினார். அவை இரண்டும் துறவறவியலில் அமைந்துள்ளன. தன்னைத் தான் அடக்கி ஏற்கும் நோன்பாக அவ்வறம் நிற்பதை அவ்வைப்புமுறை காட்டும். அத்திருக்குறளைப் போற்றும் சைவ உலகமே, பன்றி ஊனைச் சுவைத்துப் பார்த்துக் காளத்தியப்பருக்குப் படைத்த கண்ணப்பரை நாயன்மாருள் ஒருவராகக் கைகூப்புகின்றது. பூசை மாசுபட்டது என்று புலம்பிய சிவகோசரியாருக்கு, அவ்வேடரின் அன்பை இறைவனே கனவில் உணர்த்தினான் என்று பெரியபுராணம் கூறும். வடலூர் வள்ளலாரோ கொல்லா நெறியைத் தம் கொள்கையின் உயிராகக் கொண்டவர். ஊன் உண்பாரைப் புறவினத்தார் என்று பிரித்தவர். அவர்தாமும் அப்புறவினத்தாரின் பசியை நீக்குக என்றே பணித்தார். 1867-இல் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது.

எனவே புலால் மறுத்தல் உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை. அது பிற உயிர்பால் இரக்கத்தில் பிறந்தது. அவ்விரக்கம் விலங்கோடு நின்று அயல் மனிதனை எட்டாது போயின், அது குறைபட்ட அறமே ஆகும். ஊனை விட்டவன் அதனைத் தன் இலையில் காட்டுக. பிறன் முகத்தில் காட்டற்க. ஊன் உண்பவனும், தெய்வத்தின் பெயரால் சிந்தும் உயிரின் நோவை ஒருகால் எண்ணிப் பார்க்க.

கோபுரம் எழுப்பிய கொடையாளரும் பந்தியில் பரிமாறும் அன்பரும் இதனை மனத்துட் கொள்வாராக. நம் அன்னதானத்தில் ஊன் இல்லை; இலை முன் அமர்பவரின் குலமும் வழக்கமும் வினவும் முறையும் இல்லாதிருத்தல் வேண்டும். அம்மையப்பரைத் தொழும் கோத்தரும், பால்மனையைத் தொழும் தோடரும், மாரியைத் தொழும் தோட்டத் தொழிலாளரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் நாளே குடமுழுக்கின் பயன் நிறையும் நாளாகும்.