கடல் கொண்டதா, கதை கொண்டதா?

சீர்காழியில் பேருந்தேறிக் கிழக்கு நோக்கிச் செல்வோர்க்கு இருமருங்கும் பச்சை வயல். இடையிடையே மூங்கிற் புதர், தென்னந்தோப்பு, வாய்க்கால் மதகு. திருவெண்காடு வரும், அதனையும் கடந்து சென்றால் சாலை தீர்ந்து கடல் தொடங்கும். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவு. இறங்கிப் பார்த்தால் ஒரு சிற்றூர். காயும் வலை, கரையேறிக் கிடக்கும் படகு, கருவாட்டு மணம், உப்பங்காற்று. குடகிலே பிறந்து, மேட்டூரிலே தேங்கி, கல்லணையிலே பிரிந்து, வழியெங்கும் வயலுக்கு வாரி வழங்கிய காவிரி, இங்கே ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்து, மணல் மேட்டைத் தாண்ட வலுவின்றிக் கடலின் வாயிலிலே தயங்கி நிற்கிறாள். ஊரின் பெயரைக் கேட்டால் மட்டும் நெஞ்சு நிமிர்கிறது. காவிரிப்பூம்பட்டினம்!

பட்டினம் எங்கே?

கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெரியவர் கடலைக் காட்டுவார். சுற்றுலா அழைத்து வந்த ஆசிரியர் மாணவர்க்குக் கடலைக் காட்டுவார். மேடையேறும் நம்மவரும் கடலைத்தான் காட்டுவர். "கடல் கொண்டது" என்ற இரண்டே சொல்லில் ஈராயிரம் ஆண்டு வரலாற்றை மூட்டை கட்டி அலைமீது எறிந்துவிட்டு, பெருமூச்சு ஒன்று விட்டுத் திரும்பி விடுகிறோம். எப்போது கொண்டது? எப்படிக் கொண்டது? கொண்டபின் எஞ்சியது என்ன? எதையும் ஏன் என்று கேட்கப் பழகிய நாம்கூட இங்கே கேட்கத் துணிவதில்லை. புகார் நமக்குக் கண்ணகி பிறந்த ஊர் அல்லவா! நமக்கு இனிக்கும் கதை என்றால் நமது கத்தியும் சற்றே மழுங்கி விடுகிறது.

முதலில் கதையைப் பார்ப்போம். மணிமேகலை கூறுவது: நாகநாட்டு இளவரசி பீலிவளை தான் பெற்ற மகனைக் கப்பலேற்றி அனுப்புகிறாள். கப்பல் உடைகிறது. மகனைக் காணாத சோழ மன்னன் துயரில் மூழ்கி, ஆண்டுதோறும் எடுக்கும் இந்திர விழாவை மறக்கிறான். தெய்வம் சினக்கிறது, கடல் எழுகிறது, நகர் மூழ்குகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் விழா எடுக்க மறந்தானாம். அதற்குத் தண்டனையாக, உப்பு விற்றவளும் வலை பின்னியவனும் தொட்டிலிலே கிடந்த குழந்தையும் நீரில் மூழ்க வேண்டுமாம்! எந்த ஊர் நீதிமன்றம் இதை ஒப்பும்? இந்திரனுடைய அவையிலே ஒப்புவார்கள் போலும். நூலை நான் பழிக்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய பெண்ணை நமக்குத் தந்ததும், பசிப்பிணி தீர்ப்பதே பேரறம் என்று பேசியதும் அதே காப்பியந்தான். காப்பியத்தைக் காப்பியமாகப் படிப்போம். கடலின் கணக்கை மண்ணிடம் கேட்போம்.

மூழ்கிய நகரம் பற்றிய கதை நமக்கு மட்டும் உரியதன்று. ருஷ்ய நாட்டில் ஸ்வெட்லயார் என்றொரு ஏரி. அதனருகே உழவர் வாழும் சிற்றூர். 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படை பாய்ந்து வந்தபோது, கீத்தெழ் என்ற நகரம் பகைவர் கையிற் சிக்காமல் அந்த ஏரிக்குள் மறைந்து கொண்டது என்றும், தூய நெஞ்சினர் காதுக்கு அதன் கோயில் மணியோசை இன்றும் கேட்கும் என்றும் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். 1907-இல் ரிம்ஸ்கி கோர்சகோவ் அதை இசை நாடகமாகவும் ஆக்கினார். இது கதை மட்டும். இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில் டன்விச் என்றோர் ஊர் உண்டு. ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1286-இல் ஒரு பெரும்புயல், 1328-இல் மற்றொன்று, துறை அடைபட்டது, வணிகம் வேறிடம் போயிற்று. அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் கரை அரித்து, தெருத் தெருவாக, கோயில் கோயிலாக ஊர் கடலுக்குள் சரிந்தது. எஞ்சிய சிற்றூர், பழைய பெருமையின் பெயரால், 1832 வரை பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பி வந்தது என்பது வேடிக்கை! இங்கே சாபம் இல்லை. ஏடும் பதிவும் உண்டு.

புகார் கீத்தெழ் போன்றதா, டன்விச் போன்றதா? இதுவே கேள்வி.

ஊர் இருந்தது என்பதில் ஐயமில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில் 'கபேரிஸ்' என்ற வணிகத் துறை இடம் பெற்றிருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை அதன் தெருவுக்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்கிறது. கடல் வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு! இவற்றின் மீது புலிச் சின்னம் பொறித்துச் சுங்கம் கொள்ளும் அலுவலர். இந்தப் பட்டியலை நாம் நூறு மேடையில் முழங்கியிருக்கிறோம். அதே பாட்டில் அதிகம் முழங்காத பகுதி ஒன்று உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. உப்பை விற்று நெல்லை ஏற்றி வந்த படகுகள் குதிரைகளைக் கட்டியது போல் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. முழுமதி நாளில் பரதவர் கடலுக்குச் செல்லவில்லை. சுறாவின் கொம்பை நட்டு வணங்கி, தாழை சூடி, கள் அருந்தி, உண்டு ஆடுகின்றனர். கடலில் ஆடிய உப்புப் போக ஆற்றிலே குளிக்கின்றனர். உழைப்பவனின் ஓய்வுநாளை ஒரு புலவன் இவ்வளவு அக்கறையுடன் எழுதி வைத்திருக்கிறான்! அரசனைப் பாட வந்தவன் பரதவர் சேரியிலும் சற்று நின்றிருக்கிறான்.

இனி மண் சொல்வதைக் கேட்போம். 1962-ஆம் ஆண்டளவில் தொடங்கி, இந்தியத் தொல்லியல் துறையினர் இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பல ஆண்டுகள் அகழ்ந்தனர். கீழையூரில் பெரிய செங்கற்களால் கட்டிய படகுத் துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்ட நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதி சேற்றுக்குள் அப்படியே இருந்தது. அந்த மரத்தைக் கரிமப் பகுப்புக்கு உட்படுத்தியபோது கி.மு. நான்கு, மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலம் கிடைத்தது. வானகிரியில் ஒரு நீர்த்தேக்கம். பல்லவனீச்சுரத்தில், இன்றைய சிவன் கோயிலுக்குப் பக்கத்தில், புத்த விகாரம் ஒன்றின் அடித்தளமும் சுண்ணக்கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும். யார் முன்னே வந்தார், யார் பின்னே வந்தார் என்பதைப் புராணம் மறைத்தாலும் மண்ணின் அடுக்கு மறைப்பதில்லை.

இப்போது காலவரிசையைக் கவனியுங்கள். இங்கேதான் கதை தடுமாறுகிறது. 5-ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த புத்ததத்தர் என்ற பௌத்த அறிஞர் இவ்வூர் விகாரத்தில் தங்கிப் பாலி மொழியில் நூல் எழுதினார். ஊர் மக்கள் நிறைந்து வளமாக இருந்ததாகவும் எழுதி வைத்தார். 7-ஆம் நூற்றாண்டில், பக்கத்துச் சீர்காழிக்காரரான சம்பந்தர், இவ்வூரின் சாய்க்காடு, பல்லவனீச்சுரம் ஆகிய இரு கோயில்களையும் பாடினார். (மனைவியை அடியவர்க்குக் கொடையாகக் கொடுத்ததற்காகப் போற்றப்படும் இயற்பகை நாயனாரின் கதையும் இவ்வூருக்கு உரியதே. கணவனுக்கு நீதி கேட்டு அரசவை ஏறிய கண்ணகிக்கும் இதே ஊர்தான் பிறப்பிடம்! எந்தக் கதையை வைத்துக் கொள்வது என்பதை நம் வீட்டுப் பெண்கள் முடிவு செய்யட்டும்.) பின்னர்ச் சோழர் காலக் கல்வெட்டுகள் நாங்கூர் நாட்டுக் காவிரிப்பூம்பட்டினம் என்று இவ்வூரைக் குறிக்கின்றன. ஒரே நாளில் கடல் விழுங்கிய நகரில் விகாரம் நடந்தது எப்படி? கோயிலில் விளக்கு எரிந்தது எப்படி? கல்வெட்டு வெட்டியவன் மீனுக்காக வெட்டினானா?

ஆக, நகரம் ஒரு நாளில் சாகவில்லை. மெல்ல மெல்ல மெலிந்தது. மெலிந்ததற்குக் காரணங்கள் தேட இந்திரலோகம் போக வேண்டியதில்லை. உரோம நாட்டோடு நடந்த வணிகம் தளர்ந்தது. காவிரியின் நீரைக் கொள்ளிடம் மேலும் மேலும் தன்பால் இழுத்துக் கொண்டது. நீர் குறைந்த ஆற்றின் வாயில் மணல் மூடியது. பெரிய மரக்கலம் நுழைய முடியாத துறைக்கு வணிகன் ஏன் வருகிறான்? 11-ஆம் நூற்றாண்டில் இராசராசனும் இராசேந்திரனும் கடல் கடந்து உறவும் போரும் நடத்தியபோது சோழநாட்டின் முதன்மைத் துறை நாகப்பட்டினம். கடாரத்து மன்னன் பெயரால் 1006-ஐ ஒட்டிப் புத்த விகாரம் எழுந்ததும் அங்கேதான். கடலும் தன் பங்கை எடுத்துக் கொண்டது, மறுப்பதற்கில்லை. அலை ஏறி இறங்கும் கரையோரத்திலேயே சுடுமண் உறைகிணறுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. குடிநீர்க் கிணற்றை எவனும் அலைவாயில் தோண்ட மாட்டான். ஆகவே அக்காலத்தில் கரை இன்னும் கிழக்கே இருந்தது. கரைக்கு அப்பால் சில மீட்டர் ஆழத்திலும் செதுக்கிய கற்கள் கிடக்கின்றன. புயலும் அடித்திருக்கும், பேரலையும் வந்திருக்கும். டன்விச்சின் கதைதான் இது. ஏடு எழுதி வைக்க ஆள் இல்லாமற் போன டன்விச்.

நகரம் போனபின் சிற்றூர் எஞ்சியது. வணிகர் போயினர், தம் முன்னோர் புகாரிலிருந்து புறப்பட்டுச் சென்றவர் என்று நகரத்தார் மரபு இன்றும் கூறுகிறது. மன்னர் போயினர்; விகாரம் மண்மூடிற்று. வலை போகவில்லை. பேரரசு மாறிய நூற்றாண்டுகள் அத்தனையிலும் விடியற்காலையில் இந்தக் கரையிலிருந்து யாரோ படகைத் தள்ளிக்கொண்டே இருந்தனர். அவர்களைப் பற்றிக் கல்வெட்டு பேசாது. தானம் கொடுத்தவன் பெயரைத்தான் கல் பேசும். சுற்றிலும் உள்ள ஊர்ப் பெயர்களோ சிறிது பேசுகின்றன. மணிக்கிராமம் என்றோர் ஊர். அது பண்டை வணிகக் குழுவின் பெயர். வெள்ளையன் இருப்பு என்றொன்று. நெய்தவாசல் என்றொன்று. நகரம் சிதறி, அதன் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு சிற்றூராகிப் பிழைத்திருக்கின்றன.

கடலடியில் தேடியவர்க்கு ஒரு வேடிக்கையும் காத்திருந்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் இக்கடலில் மூழ்கித் தேடியபோது உடைந்த கப்பல் ஒன்றின் சரக்கு கிடைத்தது. கரிகாலன் காலத்துக் கலம் என்று மகிழ்வதற்குள், ஈயக் கட்டிகளில் பிளாக்கெட் என்ற ஆங்கிலப் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன! உண்மையைத் தேடுவோன் இப்படிப்பட்ட ஏமாற்றத்தைச் சிரித்த முகத்தோடு ஏற்கத்தான் வேண்டும்.

எல்லோரும் அப்படி ஏற்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தார், ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டனர். கிரகாம் ஹான்காக் என்ற ஆங்கில எழுத்தாளர், 2002-இல் வெளியான தம் நூலில், அது பதினோராயிரம் ஆண்டுக்கு முந்திய நகரம் என்றார். எப்படி? அவ்வளவு ஆழம் நிலமாக இருந்தது அக்காலத்தில். ஆகவே அங்கே இருப்பதும் அக்காலத்தது! நிலம் இருந்தது என்பதால் வீடும் இருந்தது என்று முடிவு கட்டும் வாதம் இது. அந்த அமைப்பிலிருந்து காலம் கணித்த செங்கல் ஒன்று, பானை ஓடு ஒன்று காட்டப்பட்டதா? இல்லை. ஆயினும் நம்மவர் பலர் அகமகிழ்ந்தனர். அதனினும் பழைமை சொல்லும் புதுக் கணக்குகளும் பின்னர் வந்தன. தோழர்களே, வேதத்துக்கு வயது கூட்டுவோரைக் கண்டு நகைக்கும் நாம், நம் ஊருக்கு வயது கூட்டுவோரைக் கண்டு கைதட்டலாமா? கீழையூர் மரத்தூண் தரும் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைமை நமக்குப் போதாதா? அது சோதனைக்கு நின்ற பழைமை. எவன் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

அண்மைக் காலமும் இவ்வூரைத் தொடாமல் விடவில்லை. 1973-இல் தமிழக அரசு இங்கே சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை எழுநிலை மாடமாக எழுப்பியது. சித்திரை முழுமதியில் இந்திர விழா என்ற பெயரில் அரசு விழாவும் நடந்ததுண்டு. மறந்ததற்குத்தானே தண்டனை என்று யாரேனும் முன்னெச்சரிக்கை செய்தார்களோ என்னவோ!

அந்த முன்னெச்சரிக்கை பயன்படவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலப்பாறை பிளந்து சரிந்தது. சில மணி நேரத்தில் பேரலை இக்கரையை அடைந்தது. அன்று இவ்வூர் அடங்கியிருந்த நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் கடற்கரைக் குப்பத்து மக்கள், அவருள்ளும் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. எந்த மன்னன் எந்த விழாவை மறந்தான்? தாயின் கையிலிருந்து நழுவிய குழந்தை எந்தத் தெய்வத்துக்கு என்ன தீங்கு செய்தது? அலை வந்தது, கொன்றது, திரும்பிப் போயிற்று. நிலம் அங்கேயே கிடந்தது. பிணத்தைப் புதைத்தவர்களே சில திங்களில் படகைச் செப்பனிட்டு மீண்டும் கடலுக்குள் சென்றனர். ஓர் அலை ஊரைக் கொல்லும், ஊரின் நிலத்தைத் தூக்கிச் செல்லாது என்பதை அந்தக் கொடிய நாளில் நாம் கண்ணாரக் கண்டோம். நிலத்தைத் தின்பது ஆண்டுதோறும் ஓசையின்றி நடக்கும் அரிப்பு. அதைத் தடுக்கக் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

2020-இல் புதிதாகப் பிறந்த மயிலாடுதுறை மாவட்டத்தில், சீர்காழி வட்டத்தில், இன்று இவ்வூர் ஓர் ஊராட்சி. அடுத்த முறை அங்கே செல்வோர் கலைக்கூடத்தைப் பார்த்தபின், கடலுக்கு முதுகு காட்டி உள்நாட்டுப் பக்கம் நடந்து கீழையூரைக் கேட்டுச் செல்லுங்கள். துறைமுகம் அங்கே, கரையை விட்டு உள்ளே தள்ளி, காவிரி கைவிட்டுப்போன தடத்தில், தரைமீது இருக்கிறது. அலையோசை அங்கே கேட்பதில்லை.