மியூச்சுவல் ஃபண்டில் நம் பணம் எங்கெங்கே பிரிகிறது?

இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் வளைகுடாவிலிருந்து வரும் பணம் முன்பெல்லாம் மனை, தென்னந்தோப்பு, நகை என்றுதான் போகும். இப்போது மியூச்சுவல் ஃபண்டுக்கும் போகிறது. "ஷேரில்தானே போடுகிறார்கள், வியாபாரம்தானே, கூடுமா ஹஜ்ரத்?" என்று ஜும்ஆ முடிந்ததும் கேட்கிறார்கள். அது எந்த வகை ஃபண்ட் என்று நாம் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

ஃபண்ட் நடத்துபவர்கள் திரட்டிய பணத்தைப் பங்கு, கடன் பத்திரம், தங்கம், ரொக்கம் எனப் பிரித்து வைக்கிறார்கள். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்பது கணக்கு. பங்கு வாங்கினால் நாம் கூட்டாளி. லாபமும் நட்டமும் நம்முடையது. கடன் பத்திரமோ அரசுக்கோ கம்பெனிக்கோ கடன் கொடுத்து வட்டி வாங்குவது. அல்பகரா 275ஆம் வசனம் பிரித்துக் காட்டும் வணிகமும் வட்டியும் இங்கே ஒரே பையில் வந்து விடுகின்றன.

எவ்வளவு வட்டி என்பதை ஃபண்டின் வகையே சொல்லிவிடும். 2017 அக்டோபரில் செபி வகுத்த விதிப்படி, 'அக்ரஸிவ் ஹைப்ரிட்' ஃபண்டில் 65 முதல் 80 விழுக்காடு பங்கு. மீதி 20 முதல் 35 கடன் பத்திரம். 'கன்சர்வேடிவ் ஹைப்ரிட்' என்றால் தலைகீழ்: 75 முதல் 90 விழுக்காடு கடன் பத்திரம். அதில் ஒரு லட்சம் போட்டவரின் பணத்தில் குறைந்தது 75,000 ரூபாய் வட்டிக்குப் போகிறது. 'மல்டி அஸெட்' ஃபண்டில் குறைந்தது மூன்று சொத்து வகைகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும். தங்கம் இருக்கிறதே என்று மகிழ்பவர்கள் பக்கத்து வரியையும் படிக்க வேண்டும். (அரசின் தங்கப் பத்திரத்திலும் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி உண்டு.)

முழுக்கப் பங்கு ஃபண்ட் என்றாலும் தீர்ந்தபாடில்லை. வங்கிப் பங்குகள் அதில் இருக்கும். கையிருப்பு ரொக்கத்தை 'ட்ரெப்ஸ்' என்ற பெயரில் ஓரிரவுக் கடனாகக் கொடுத்து வட்டி பெறுவதும் வழக்கம்.

இதற்காகவே டாடா எத்திகல், டாரஸ் எத்திகல் போன்ற ஃபண்டுகளும், நிஃப்டி 50 ஷரீஆ குறியீட்டைப் பின்பற்றும் ஷரீஆ பீஸும் இருக்கின்றன. மும்பையின் டாசிஸ் அமைப்பு அந்தக் குறியீட்டுக்கான நிறுவனங்களைச் சலித்துத் தருகிறது. வங்கி, மது, சூதாட்டம் வெளியே. வட்டிக் கடன் மொத்தச் சொத்தில் 25 விழுக்காட்டுக்குள், வட்டி வருமானம் மொத்த வருமானத்தில் 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தச் சிறு பங்கையும் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துத் தூய்மைப்படுத்த வேண்டும். இந்த விழுக்காடுகளை ஏற்காத உலமாக்களும் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடன் பத்திரம் இல்லாத ஃபண்டில் தாங்குவதற்கு ஆள் இல்லை. 2020 ஜனவரியில் 12,400ஐத் தொட்ட நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. ஆகவே பிரித்து வைக்கும் வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு ஹஜ்ஜுக்கோ மகள் நிகாஹுக்கோ தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடக் கூடாது. தோப்பும் நகையும் ஏற்கெனவே உள்ள குடும்பம் அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஐந்தாறு ஆண்டுகள் தொடாமல் விடக்கூடியதை மட்டும் ஃபண்டில் வைக்கலாம்.

ஒவ்வொரு ஃபண்டும் மாதந்தோறும் தன் இருப்புப் பட்டியலை வெளியிடுகிறது. கையெழுத்துப் போடும் முன் முகவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்; பட்டியலோடு வந்தால் உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.